நாகஜோதி வெட்ட மறுத்த இடம்

நாகஜோதிக்கு வெட்டுவதில் இருக்கிற துணிச்சல் ஆனையூர்க் கறிக்கடைக்காரருக்குக்கூடக் கிடையாது. அவர் கேட்டுவிட்டு வெட்டுவார். இவள் வெட்டிவிட்டு, "எங்கிட்டு வெட்டுனேன், கண்டுபிடிங்க பாப்போம்" என்பாள். பிறந்த அன்று தொப்புள்கொடியில் கத்தரியை வைத்த நர்ஸைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளி வை என்று விரலை ஆட்டினாள் என்பது அவள் அம்மா பாண்டிமீனாவின் வாக்குமூலம். இதைச் சிலர் நம்புவதில்லை. எனக்கு அந்த நர்ஸையே தெரியும்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், காளவாசலில் விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவுக்கு லீவு நாட்களில் வேலைக்குப் போனாள். அங்கே எடிட்டிங் என்றால் வெட்டாமல் இருப்பது என்று பொருள். தாய்மாமன் சீர்த்தட்டோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்தால், வாசல் வந்து சேரும்வரை அவரோடு வீடியோவும் நடக்க வேண்டும். ஒரு தட்டு விட்டுப்போனால் மாமன் வீட்டார் வேன் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார்கள். இவள் தன் சொந்தச் சித்தி மகளின் சடங்கு வீடியோவிலேயே கை வைத்தாள். மாமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் மருமகளுக்காக நான் உசுரையும்..." என்று தொடங்கிய இடத்தில் வெட்டி, பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிற மாமனை அடுத்ததாக ஒட்டிவிட்டாள். அந்த மாமன் குடும்பம் இன்றுவரை ஆனையூர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஸ்டுடியோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, நீ சினிமாவுக்குப் போ. அங்கதான் சொந்தக்காரன் இருக்க மாட்டான்" என்று அனுப்பிவைத்தார்.

அவர் சொன்னதில் இரண்டாவது பாதி தப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம். ஆளுக்கொரு வேலையாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் காட்டினால்தான் மார்க். அருள்பாண்டி டைரக்டர். முகேஷ் ஹீரோ. நாகஜோதி எடிட்டர். கதை இதுதான். வெளியூரில் வேலை பார்க்கிற ஒருவன் மதுரைக்குத் திரும்பி வருகிறான். பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர்ச் சுவரில் அவனுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அவன் உயிரோடிருக்கும்போதே அச்சடித்து ஒட்டியது யார்? த்ரில்லர்.

"ஷூட்டிங்குக்கு முன்னாடி எடிட்டிங் பிளான் போடணும்" என்றாள் நாகஜோதி.

"எடுத்த பெறகுதான எடிட்டிங்கு?" என்று அருள்பாண்டி சிரித்தான்.

"ஏன்டா, சோறு வெந்த பெறகா அரிசி களைவீக உங்க வீட்ல?"

பிளானை அவள் பேப்பரில் போடவில்லை. வீட்டுப் பீரோக் கண்ணாடியில் போட்டாள். எந்த வீட்டுக் கண்ணாடியிலும் ஸ்டிக்கர் பொட்டுகள் இருக்கத்தானே செய்கின்றன, அவற்றையே வரிசைப்படுத்திவிட்டாள். சின்னக் கருப்புப் பொட்டுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே படபடவென்று வெட்டு. பச்சை இருந்தால் படம் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். சிவப்பு இருந்தால் இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அங்கே பஸ்ஸில் அவன் சிரித்துக்கொண்டு வருகிறான், இங்கே அவன் வீட்டு வாசலில் சாமியானா கட்டுகிறார்கள். போஸ்டரை முதலில் முழுசாகக் காட்டுவதே இல்லை. பசை வாளி தெரியும். சுவரில் பிரஷ் சரசரக்கும். ஒரு மாடு நாக்கை நீட்டிப் போஸ்டரின் ஓரத்தைப் பிய்த்து மெல்லும். மைதாப் பசை என்றால் மதுரை மாடுகளுக்குத் தினமும் தீபாவளி. இப்படித் துண்டு துண்டாக ஓடி, கடைசியில் ஒரே ஒரு பெரிய மெரூன் பொட்டு.

அதுதான் முழுப் போஸ்டர். அந்த இடத்தில் வெட்டே கிடையாது. போஸ்டர் அப்படியே நிற்கும்.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டான் அருள்பாண்டி.

"பாக்குறவன் மேல இருந்து கீழ வரைக்கும் படிக்கிற நேரம்."

துறையின் ஆசிரியர் முத்துக்குமரன் சாருக்கு இது பிடிக்கவில்லை. "த்ரில்லர்ல ஒரு ஷாட் ரெண்டு செகண்டுக்கு மேல நின்னுச்சுன்னா, ஆடியன்ஸ் கேன்டீனுக்குப் போயிருவான்மா."

"போகட்டும் சார். போஸ்டர்ல இருக்கிறது அவன் பேரா இருந்தாப் போவானா?"

இந்த மெரூன் பொட்டுக்கு முதல் ஆபத்து வீட்டுக்குள்ளேயே வந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பிய பாண்டிமீனா அவசரத்தில் அதைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நாகஜோதி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினாள்.

"அம்மா, அது க்ளைமாக்ஸ்மா."

"இருந்துட்டுப் போகுது. தாலி கட்டி முடிஞ்சதும் கொண்டாந்து ஒட்டிர்றேன்" என்று பாண்டிமீனா பஸ் ஏறிவிட்டாள்.

போஸ்டர் அடிக்கிற வேலை வந்தபோது முகேஷ் ஒரு காரியம் செய்தான். கதாபாத்திரத்தின் பெயரைப் போட வேண்டாம், தன் பெயரையே போடச் சொன்னான். நம் ஊரில் மொட்டை போட்ட பிள்ளைக்குப் போஸ்டர் உண்டு, கபடியில் தோற்றவனுக்கும் உண்டு. இவனுக்கு மட்டும் இதுவரை ஒருவரும் அடித்ததில்லையாம். "சாவுப் போஸ்டரா இருந்தா என்ன மாப்ள? மூஞ்சி வருதுல்ல?" என்று அருள்பாண்டியிடம் கெஞ்சினான். நிஜம்போல் இருக்கட்டும் என்று அடியில் அவன் அப்பா பெயரையும் போட்டார்கள். 'ஆறாத் துயரில் கண்ணீர் வடிக்கும் தந்தை வெள்ளைத்துரை.' அச்சகத்தில் ஒன்று இரண்டெல்லாம் அடித்துத் தர மாட்டோம் என்று ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஒட்டுவதற்கு, தொழில்முறையில் போஸ்டர் ஒட்டுகிற ஆண்டிச்சாமியையே கூட்டிவந்தார்கள். ஆனையூரில் ஒரு சுவரில் அவர் ஒட்ட, இவர்கள் எடுத்தார்கள். முகேஷ் போஸ்டரைப் பார்த்து அதிர்ச்சியடைகிற ஷாட்டை வேறொரு நாள் எடுப்பதாக இருந்ததால், அன்று அவனுக்கு டீ வாங்கி வருகிற வேலைதான். வெளிச்சம் போனதும் எல்லோரும் ஆண்டிச்சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். முகேஷ் அருள்பாண்டி வீட்டிலேயே தங்கிவிட்டான். மிச்சக் கட்டு ஆண்டிச்சாமியின் மொபெட்டில் இருந்தது. அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஆண்டிச்சாமி நினைத்தார்.

கேதப் போஸ்டரில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. செத்தவரின் வீட்டுக்குச் சொந்தபந்தம் வருகிற வழி நெடுக ஒட்டி முடிக்காமல் கையைக் கழுவக் கூடாது. போஸ்டரில் நாகமலை புதுக்கோட்டை என்று ஊர்ப்பெயர் இருந்தது. ஆனையூரில் தொடங்கியவர் காளவாசல் சிக்னலைச் சுற்றி ஒட்டி, புதுக்கோட்டை ஊர் நுழைவில் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

"ஏண்ணே, கேமராவ வச்சு எடுத்துக்கிட்டிருந்தமே, சினிமான்னு தெரியலையா?" என்று பிற்பாடு அருள்பாண்டி கேட்டபோது அவர் கோபப்பட்டார்.

"இப்ப எவன் வீட்டுக் கேதத்துல தம்பி கேமரா இல்ல? மிச்சத்த நான் வீட்டுக்குக் கொண்டு போகவா? சாவுப் போஸ்டர வச்சுக்கிட்டு எம் புள்ளகுட்டி படுக்குமா?"

"செத்தவனே உங்களுக்கு டீ வாங்கியாந்து கொடுத்தானேண்ணே?"

"தம்பிக்காரன்னு நெனச்சேன். அண்ணன் செத்தும் இப்படிச் சிரிச்ச மூஞ்சியா இருக்கானேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் குடிச்சேன்."

மறுநாள் காலை முகேஷ் முதல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்து, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். தாய்மாமன் நல்லகாமன் ஒரு வேன் ஆட்களோடும் ரோஜா மாலையோடும் கோடித்துணியோடும் வந்து இறங்கினார். பின்னாலேயே பெண்கள் ஒப்பாரியோடு இறங்கினார்கள். வாயில் நுரையோடு நின்றவனைப் பார்த்ததும் முன்வரிசை நின்றுவிட்டது. பின்வரிசைக்கு விஷயம் போய்ச் சேரப் பாதி ஒப்பாரி முடிந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா மட்டும் நிறுத்தவே இல்லை. "வழியெல்லாம் யோசிச்சுப் பாட்டுக் கட்டிக்கிட்டு வந்துருக்கேன். உசுரோட இருந்தா என்னடா, உக்காந்து கேளு" என்று முகேஷை உட்காரவைத்து, அவன் அருமை பெருமைகளைக் கடைசி அடி வரைக்கும் பாடிவிட்டுத்தான் எழுந்தாள். கொண்டுவந்த கோடித்துணியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று வாசல் வேப்பமரத்துக்குப் போர்த்தினார்கள். அதன் பிறகு அந்த மரம் பூக்கவே இல்லை. பூத்தது என்று சொல்பவர்கள் பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்கள்.

சிரிப்பெல்லாம் அதுவரைதான்.

முகேஷின் அப்பா வெள்ளைத்துரை விடிவதற்கு முன்பே கத்தரிக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். மகன் ராத்திரி வீட்டுக்கு வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். திரும்புகிற வழியில் காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது வேனும் மாலையும் கூட்டமும் இருந்தன. கூட்டத்தை விலக்கி உள்ளே போய், மகனைப் பார்த்து, ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை.

நல்லகாமன் அவருக்கும் சேர்த்துப் பேசினார். கல்லூரிக்கே போய்ச் சத்தம் போட்டார். முத்துக்குமரன் சார் மூன்று பேரையும் கூப்பிட்டு, அந்தப் போஸ்டர் படத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குடும்பத்தின் மனசு புண்படுகிறது, துறைக்குக் கெட்ட பெயர். போஸ்டர் இருந்தால் படத்தைத் திரையிட முடியாது, மார்க்கும் கிடையாது.

அருள்பாண்டி அப்போதே பணிந்துவிட்டான். வெளியே வந்ததும், "ஜோதி, அவன் போனைப் பாத்து அதிர்ச்சியாகுறான்னு மாத்திக்குவோம். போஸ்டர் எதுக்கு?" என்றான்.

"போன்ல தெனமும் ஆயிரம் பொய் வருது. எவன் அதிர்ச்சியாகுறான்? நம்ம ஊர்ல செவுத்துல ஒட்டுனாத்தான்டா சாவு."

"சார்ட்ட போய் இதச் சொல்லு."

"சார்ட்ட எதுக்கு? பாத்தவர்ட்டப் போறேன்."

அவள் தனியாகவே வெள்ளைத்துரையின் வயலுக்குப் போனாள். வெள்ளைத்துரை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு நின்றார்.

"நீதான் அந்த எடிட்டர் புள்ளையா?"

"ஆமா பெரியப்பா. நாகஜோதி. மொதல்ல மன்னிச்சுருங்க. போஸ்டர் ஊரெல்லாம் போனது எங்க கவனக்கொறவுதான்."

"சரி. வந்த விசயம் என்ன?"

"போஸ்டர் படத்துல இருக்கணும். கேக்க வந்திருக்கேன்."

வெள்ளைத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்ட வாய் இன்னும் மூடல. அதுக்குள்ள அடுத்ததா?"

"அது வேற, இது வேற பெரியப்பா."

அவர் வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்தார். தண்ணீர் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார். "எம் மகன் ஆசப்பட்டு நடிச்சுருக்கான். கெடுக்க வேணாம். மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் காமிச்சிட்டுப் போயிரு. சம்மதம்."

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். நாகஜோதி நகரவில்லை.

"வேணாம் பெரியப்பா. மின்னல் மாதிரிக் காட்டுறதுக்குக் காட்டாமலே இருக்கலாம். நிக்கணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும்."

"கொடுத்ததையும் வேணாங்குற. கொழுப்பா?"

"நீங்க எம்புட்டு நேரம் நின்னீக?"

கேட்ட பிறகுதான், எந்த இடத்தில் கை வைத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளைத்துரை வரப்பில் உட்கார்ந்தார்.

"செகப்பு விழுந்துச்சு, நின்னேன். பச்ச விழுந்துச்சு. பின்னாடி ஆரன் அடிக்கிறான், பஸ்காரன் தலைய நீட்டித் திட்டுறான். எல்லாம் கேக்குது. வண்டிய எடுக்கணும்னு தோணல. மூஞ்சிய ஒரு நொடியில பாத்துட்டேன் தாயி. அவந்தான். அப்பறம் பேரு. அவந்தான். அங்கயே விட்டுருக்கலாம்ல? எழுத்த ஒண்ணொண்ணாப் படிச்சுக்கிட்டே கீழ வாரேன். எங்கயாவது ஒரு எழுத்து வேற ஆளுன்னு சொல்லிராதான்னு வாரேன். கடைசியில எம் பேரு. நான் கண்ணீர் வடிக்கிறேன்னு போட்டிருக்கு. நான் இன்னும் அழுகவே இல்ல. எனக்கு முன்னாடி செவுரு அழுது முடிச்சிருச்சு."

நாகஜோதி அவருக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போ. தேங்கா நாரு போட்டு உரசுன மாதிரி இருக்கு நெஞ்சு. போ தாயி."

அவள் போனாள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து படத்தை வெட்டத் தொடங்கினாள். பஸ், சாமியானா, மாட்டின் நாக்கு எல்லாவற்றையும் ஈவு இரக்கமில்லாமல் நறுக்கினாள். அருள்பாண்டி உயிரைக் கொடுத்து எடுத்த மேம்பாலக் காட்சி ஒரு கண்சிமிட்டலாகச் சுருங்கிப்போனது. முகேஷ் அதிர்ச்சியடைகிற ஷாட்டை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் வாயைப் பிளந்து அதிர்ச்சியடைவதற்கு ஒரு வாரமாகக் கண்ணாடி பார்த்துப் பழகியிருந்தான் பாவம். போஸ்டர் ஷாட்டை மட்டும் தொடவில்லை.

துறையில் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற நாளன்று முத்துக்குமரன் சார் கேட்டார். "போஸ்டர எடுத்துட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப உங்க டீம் படம் கெடையாது. அந்தப் பெரியவர் மனசு என்ன பாடுபடும்னு..."

"எம் மனசு எங்கிட்டத்தான் சார் இருக்கு" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முகேஷ் பின்னால் பதுங்கிக்கொண்டு நின்றான். "அத நீங்க ஏன் தூக்கிச் சொமக்குறீக?"

"ஐயா, உங்க மச்சான்தான் வந்து..."

"மச்சான் வேன் வாடகைக்குக் கோவப்படுறாரு. அந்தப் போஸ்டர் முன்னாடி நின்னவன் நான். எனக்காக நீங்க பயப்பட வேணாம். இருக்கட்டும்."

முத்துக்குமரன் சார் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் முழுசாகவா இறங்கிவர முடியும்? "சரி. உங்க விருப்பம். ஆனா ரெண்டு செகண்டுதான். அது டெக்னிக்கல் விசயம். அதுக்கு மேல நின்னுச்சுன்னா எடிட்டிங்குக்கு மார்க் போட முடியாது நாகஜோதி."

"மார்க் உங்களுது சார். கட் என்னுது."

"பாஸ் மார்க்குக்கே சிக்கலாகும்."

"தெரியும் சார்."

அருள்பாண்டி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைத்துரை துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருந்தா..." என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தைத் தானே வெட்டிக்கொண்டார்.

திரையிடல் மத்தியானம் நடந்தது. ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டிய செமினார் ஹால். ஃபேன் போதவில்லை. ஜூனியர்கள் படிக்கட்டெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடத் தொடங்கியதும் விசில் பறந்தது. பசை வாளிக்குச் சத்தம், மாட்டுக்குக் கைதட்டல். பஸ், சாமியானா, பஸ், சாமியானா என்று வெட்டு நெருங்க நெருங்க ஹால் அடங்கியது. பஸ் கதவு திறந்தது. செருப்புக் கால் தரையில் பட்டது.

போஸ்டர் திரை முழுக்க வந்து நின்றது.

சத்தமே இல்லை. முகம், பெயர், தோற்றம், மறைவு, ஊர். அது நின்றுகொண்டே இருந்தது. யாரோ இருமினார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசையில் முத்துக்குமரன் சார் திரும்பி, கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற நாகஜோதியைப் பார்த்தார். நடுவிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஏய், ஹேங் ஆயிருச்சுப்பா. தட்டி விடுங்க." கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் உண்மையென்று நம்பிக் கையை நீட்டினார். நாகஜோதி அந்தக் கையைப் பிடித்து நகர்த்திவைத்தாள்.

"ஜோதி, கட் பண்ணு" என்றான் அருள்பாண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசி வரிசையிலிருந்து வெள்ளைத்துரையின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. வயலில் மடை திருப்புகிறவனிடம் சொல்வதுபோல்தான் இருந்தது.

"ஒக்காருங்க தம்பி. இன்னும் படிச்சு முடிக்கல."

அந்தப் பையன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். போஸ்டரின் அடியில் இருந்த தகப்பன் பெயரை அப்போதுதான் படித்திருப்பான்போல. மெதுவாக உட்கார்ந்தான். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. போஸ்டர் நின்றது. நாகஜோதி கையைக் கட்டிக்கொண்டு, சாரின் பார்வைக்கு நேராக, அதைவிட அசையாமல் நின்றாள்.